குன்றைக் குடைந்த கோமகன்

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்கிறவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள், அயர்ந்து நிற்கிறார்கள். மலையின்மேல் மதில், மதிலுக்குள் மதில், அகழி, கொத்தளம், களஞ்சியம்! எந்தப் பகைவனால் இதை நெருங்க முடியும் என்று எண்ணத் தோன்றுகிறது. ஆனால் வரலாறு என்ன சொல்கிறது? 1677இல் மராட்டிய சிவாஜி அதைப் பிடித்தார். ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டு 1698இல் முகலாயர் பிடித்தனர். 1714இல் தேசிங்கு களத்தில் வீழ்ந்தபின் ஆர்க்காட்டு நவாபின் கைக்குப் போயிற்று. 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். நூறு ஆண்டு முடிவதற்குள் எத்தனை கொடிகள் ஏறின, எத்தனை கொடிகள் இறங்கின! 2025இல் அந்தக் கோட்டைக்கு உலக மரபுச் சின்னம் என்னும் பெருமை கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்த மதில்கள் நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. மதிலைக் கட்டினால் மலையைக் காக்கலாம். மக்களைக் கட்டிக் காக்க மதில் போதாது.

அந்தப் பாடத்தின் மறுபாதியைப் படிக்க வேண்டுமானால், செஞ்சிக்கு வடக்கே, வந்தவாசி வட்டத்தில், தேசூருக்கு அருகே உள்ள சீயமங்கலத்துக்கு நாம் போகவேண்டும். அங்கே கொத்தளம் இல்லை. பீரங்கி மேடை இல்லை. ஒரு குன்று, குன்றில் குடைந்த ஒரு சிறு கோயில். அவ்வளவே! தூணாண்டார் கோயில் என்று ஊரார் சொல்லும் அந்தக் குகையைக் குடைவித்தவன் முதலாம் மகேந்திரவர்மன். ஏறத்தாழ 590 முதல் 630 வரை காஞ்சியில் கோலோச்சிய பல்லவ வேந்தன். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அந்தக் குகை அங்கே இருக்கிறது.

நாடு பிடிப்பது எப்படி என்பதை எல்லா மன்னர்களும் அறிந்திருந்தார்கள். பிடித்த நாட்டைப் பிடியிலிருந்து நழுவாமல் வைத்துக்கொள்வது எப்படி என்பதைச் சிலரே அறிந்திருந்தார்கள். அந்தச் சிலரில் மகேந்திரன் ஒருவன். அவன் எதை அறிந்திருந்தான், எதை அறியத் தவறினான் என்பதைத்தான் நாம் இங்கே காண இருக்கிறோம்.

அதற்குமுன் கடல் கடந்து ஒரு கணம் உரோமாபுரிக்குப் போய்வருவோம். நாடு காக்கும் கலையில் உலகுக்கே ஆசான் என்று பெயர் வாங்கிய நகரமல்லவா அது! கி.மு. 338இல் உரோமர் தம் அண்டை நாட்டவரான இலத்தீன் மக்களை வென்றனர். வென்றதும் என்ன செய்தனர்? எல்லா ஊர்களையும் எரித்தார்களா? இல்லை. எல்லா ஊர்களும் கூடி வைத்திருந்த கூட்டணியைக் கலைத்தனர். பிறகு ஒவ்வோர் ஊரோடும் தனித்தனியே பேசினர். ஓர் ஊருக்கு முழுக் குடியுரிமை. ஓர் ஊருக்கு வாக்கில்லாத குடியுரிமை. இன்னோர் ஊருக்கு நேசநாடு என்னும் பெயர். நேசநாட்டாரிடம் ஆண்டுதோறும் திறைப்பணம் கேட்கவில்லை. போர் வந்தால் ஆட்கள் மட்டும் தரவேண்டும் என்றனர். கி.மு. 312இல் உரோமிலிருந்து காப்புவா நகருக்கு அப்பியன் பெருவழியைப் போட்டனர். படை விரைந்து செல்ல வழி. வணிகம் வளர வழி. பிரிந்து போக நினைப்பவனுக்கு மட்டும் வழியில்லை!

இந்தக் கட்டு எவ்வளவு உறுதியானது என்பதைக் கி.மு. 216 காட்டிற்று. கார்த்தேசு நாட்டு அன்னிபால் கன்னே களத்தில் உரோமின் பெரும்படையை அழித்தான். உரோம் தொலைந்தது என்று உலகம் எண்ணியது. காப்புவா கட்சி மாறியது. தெற்கே பல ஊர்கள் கட்சி மாறின. ஆனால் நடு இத்தாலியின் இலத்தீன் ஊர்கள் மாறவில்லை. கட்டு ஆழமாக இருந்த இடம் நின்றது. மேலோட்டமாக இருந்த இடம் பெயர்ந்தது. உரோம் பிழைத்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு காஞ்சிக்குத் திரும்புவோம்.

மகேந்திரனின் தந்தை சிம்மவிஷ்ணு. களப்பிரரை ஒடுக்கி, சோழநாட்டை வென்று, காவிரிக்கரை வரை பல்லவர் ஆட்சியைப் பரப்பியவன் அவனே. வாளால் செய்யவேண்டிய வேலையைத் தந்தை பெரும்பாலும் முடித்துவிட்டான். மகன் அரியணை ஏறியபோது அவன்முன் இருந்த கேள்வி வேறு. வடக்கே தெலுங்கு பேசும் நிலம். நடுவே தொண்டை மண்டலம். தெற்கே நேற்றுவரை சோழன் கொடி பறந்த காவிரி நாடு. பேச்சு வேறு, தெய்வம் வேறு, தலைவர்கள் வேறு. இவற்றை ஒரு குடைக்கீழ் எப்படி நிறுத்துவது?

மகேந்திரன் உளியை எடுத்தான்!

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே உள்ள மண்டகப்பட்டில் ஒரு குகைக்கோயில். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை. இவை எதுவுமின்றி அயனுக்கும் அரனுக்கும் அரிக்கும் சேர்த்து ஓர் இல்லம் அமைத்ததாக, விசித்திரசித்தன் என்னும் பட்டப் பெயரோடு அங்கே கல்லில் பொறித்தான். அதுவரை தமிழகத்துக் கோயில்கள் செங்கல்லாலும் மரத்தாலும் ஆனவை; மழையில் கரைந்தன, தீயில் எரிந்தன, கரையானுக்கு இரையாயின. அழியாத பொருளில் தன் பெயரை எழுதவேண்டும் என்று எண்ணினான் அந்த இளங்கோ. பல்லாவரம், மாமண்டூர், குரங்கணில்முட்டம், மகேந்திரவாடி, தளவானூர், சீயமங்கலம், தெற்கே திருச்சிராப்பள்ளி மலை என்று எத்தனை குகைகள்!

இந்தக் குகைகளைக் கலைக்காட்சி என்று மட்டும் பார்ப்பவர் பார்க்கட்டும். நாம் ஒரு நாட்டுப்படத்தை விரித்து, ஒவ்வோர் ஊரிலும் ஒரு புள்ளி வைத்துப் பார்ப்போம். என்ன தெரிகிறது? காஞ்சியைச் சுற்றி நெருக்கமாகப் புள்ளிகள். தெற்கே போகப் போகக் குறைகின்றன. காவிரிக்கரையில் ஒரே ஒரு பெரும் புள்ளி. உரோமன் பெருவழியோரம் நட்ட மைல்கல்லைப் போல, பல்லவன் நாடெங்கும் குன்றுகளில் தன் முத்திரையைக் குத்திக்கொண்டே போயிருக்கிறான்.

கோயிலுக்கு வைத்த பெயரைக் கவனியுங்கள். சீயமங்கலத்துக் கோயிலுக்கு அவனிபாசன பல்லவேச்சுரம் என்று பெயர். அவனிபாசனன் யார்? மகேந்திரனே! திருச்சி மலைக் குகை இலளிதாங்குர பல்லவேச்சுரம். இலளிதாங்குரன் யார்? மகேந்திரனே! மகேந்திரவாடியில் திருமாலுக்கு ஒரு கோயில், அருகே ஓர் ஏரி, ஓர் ஊர். மூன்றுக்கும் அவன் பெயரே. ஊரான் கும்பிடப் போனாலும் மன்னன் பெயரைச் சொல்லவேண்டும். வயலுக்கு நீர் பாய்ச்சப் போனாலும் மன்னன் பெயரைச் சொல்லவேண்டும். வரி கேட்டு வரும் ஆளின் வாயில் அந்தப் பெயர் கசக்கும். மடை திறக்கும் உழவனின் வாயில் அதே பெயர் இனிக்குமல்லவா? அதுதான் ஏரி வெட்டிய மன்னனின் நுண்ணறிவு.

திருச்சியில் அவன் செய்தது இன்னும் நுட்பமானது. அது வென்ற மண். பழைய சோழர் பெருமை மக்கள் நெஞ்சில் பசுமையாக இருந்த மண். அங்கே மலையுச்சியில் பொறித்த கல்வெட்டு என்ன கதை சொல்கிறது தெரியுமா? தரையில் இருந்தால் சோழநாட்டின் வளத்தைக் காண முடியாதே என்று சிவபெருமான் ஏங்கினாராம். அதற்காக மன்னன் மலைமேல் இல்லம் அமைத்தானாம். ஆறுகளை விரும்பும் அந்தச் சிவன் காவிரியையும் விரும்பிவிடுவாரோ என்று அஞ்சிய பார்வதி, இவள் பல்லவனின் காதலி என்று அறிவித்துவிட்டாளாம்! கற்பனை அழகுதான். ஆனால் அழகுக்குள்ளே அரசியல் ஒளிந்திருக்கிறது. காவிரி யாருடையவள்? சோழனுடையவள் என்று பாணர் பாடிய காலம் போயிற்று. இனிப் பல்லவனுடையவள் என்று தெய்வத்தின் வாயாலேயே சொல்லவைக்கிறான். வாள் எடுத்த பட்டயத்துக்கு உளி கையெழுத்துப் போடுகிறது.

அடுத்து, ஆட்களை அவன் எப்படி வைத்திருந்தான்? செங்கற்பட்டுக்கு அருகே வல்லம் என்ற ஊரிலும் ஒரு குகைக்கோயில் உண்டு. அதைக் குடைவித்தவன் மகேந்திரன் அல்லன். வயந்தப்பிரி அரசன் மகன் கந்தசேனன். மகேந்திரனின் பட்டங்களை வரிசையாகச் சொல்லி, அவனுக்கு அடியான் என்று தன்னைக் கூறிக்கொள்கிறான் கந்தசேனன். அதுவும் தமிழில்! குறுநிலத் தலைவனை ஒழித்துவிட்டு அங்கே தன் ஆளை அமர்த்தவில்லை மகேந்திரன். தலைவன் தலைவனாகவே இருக்கட்டும். ஆனால் என் பெயரைத் தலையில் வைத்துக்கொள்ளட்டும் என்றான். உரோமன் நேசநாட்டானை நடத்திய முறைக்கும் இதற்கும் எவ்வளவு ஒற்றுமை!

பட்டங்களுக்கும் ஒரு வேலை இருந்தது. குணபரன், மத்தவிலாசன், சத்துருமல்லன், சித்திரகாரப்புலி, சேத்தகாரி என்று ஏராளமான பட்டங்கள் தூண்களில் ஏறின. வடமொழியில் சில, தெலுங்கில் சில, தமிழில் சில. மன்னன் ஒருவன், மொழிகள் மூன்று. ஆனால் ஒன்றை நாம் மறைக்காமல் சொல்லவேண்டும். தன் புகழை விரித்துப் பாட அவன் தேர்ந்த மொழி பெரும்பாலும் வடமொழியே. சீயமங்கலத்துக் கல்வெட்டு வடமொழி, மண்டகப்பட்டு வடமொழி, திருச்சி வடமொழி. அந்த ஊர் உழவன் அதைப் படித்துப் பொருள் அறிந்திருப்பானா? மக்களுக்கு மேலே நின்று மக்களைப் பார்க்கும் ஆட்சியின் குரல் அது. தமிழ்நாட்டில் குகை குடைந்த கோமகனுக்குத் தமிழன் நெஞ்சைக் குடைந்து நுழையும் வழி தெரியாமற் போனது ஒரு குறையே.

சமயத் துறையில் அவன் கதை இன்னும் சிக்கலானது. மத்தவிலாசப் பிரகசனம் என்னும் நகைச்சுவை நாடகத்தை எழுதியவன் அவனே. காஞ்சித் தெருவில் கள் மயக்கத்தில் திரியும் காபாலிகன். காணாமற்போன கபாலத்துக்காக அவனோடு வழக்காடும் புத்தத் துறவி. நடுவே ஒரு பாசுபதன், ஒரு பித்தன். மதவேடம் பூண்டவர்களின் பொய்மையை முடிசூடிய ஒருவனே மேடையில் ஏற்றிச் சிரிக்க வைத்தான் என்றால், அந்தத் துணிவை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

அப்படிச் சிரித்தவனே பின்னர் ஒரு பக்கம் சாய்ந்தான். முதலில் சமணனாக இருந்தவன், திருநாவுக்கரசரால் சைவனானான் என்பது வழிவழி வரும் வரலாறு. நீற்றறையில் இட்டதும், நஞ்சூட்டியதும், யானையை ஏவியதும், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியதும் ஐந்நூறு ஆண்டுகளுக்குப்பின் சேக்கிழார் பாடிய கதை. மனம் மாறிய பல்லவன், பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்துக் கொண்டுவந்து திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டினான் என்றும் அந்நூல் கூறும். குணபரன் என்பது மகேந்திரன் பட்டமாதலால் அந்தப் பல்லவன் இவனே என்று அறிஞர் கொண்டனர். திருச்சிக் கல்வெட்டும் அவன் பழைய நெறியிலிருந்து திரும்பியதைக் குறிப்பாகச் சொல்கிறது.

மன்னன் எந்தக் கடவுளை வணங்கினால் நமக்கென்ன என்று விட்டுவிடலாம். ஆனால் வணக்கம் மாறும்போது வாளும் கூடவே மாறினால்? நேற்றுப் பள்ளியாக இருந்தது இன்று கல்குவியலானால்? உரோமர் கி.மு. 396இல் வேயி நகரை அழித்தபோதுகூட, அந்நகரத்தின் சூனோ தெய்வத்தை வேண்டி அழைத்துத் தம் நகரில் கோயில் கட்டி வைத்தனர். மூன்று தெய்வத்துக்கும் ஒரே குகையில் இடம் தந்த மண்டகப்பட்டு மகேந்திரன் நாடு காக்கத் தெரிந்தவன். ஒரு சாராரின் உறைவிடத்தை இடித்து மறுசாராருக்குக் கோயில் எடுத்தான் என்ற கதை உண்மையானால், அந்த மகேந்திரன் தான் கட்டியதைத் தானே பெயர்த்தவன்.

இனிச் சோதனைக் காலம். வடமேற்கே வாதாபியில் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசி எழுந்தான். வட இந்தியப் பேரரசன் அர்சனையே நருமதைக்கு இப்பால் வரவிடாமல் தடுத்தவன் அவன். வேங்கி நாட்டை வென்று தன் தம்பி விட்டுணுவர்த்தனனை அங்கே அமர்த்தினான். வடபகுதி பல்லவர் கையைவிட்டுப் போயிற்று. பிறகு காஞ்சியை நோக்கி வந்தான். அவன் அவைப்புலவர் இரவிகீர்த்தி 634இல் எழுதிய அய்கொளே கல்வெட்டு, சாளுக்கியப் படை கிளப்பிய புழுதியில் பல்லவன் ஒளி மங்கிக் காஞ்சி மதிலுக்குள் மறைந்தான் என்று முழங்குகிறது. பல்லவர் செப்பேடோ, புள்ளலூரில் மகேந்திரன் தன் பெரும் பகைவரை அழித்தான் என்று மார்தட்டுகிறது. இருவர் சொல்வதையும் நிறுத்துப் பார்த்தால், பகைவன் காஞ்சியின் வாயில்வரை வந்தான். ஆனால் காஞ்சி விழவில்லை.

அந்த அய்கொளே கல்வெட்டில் இன்னொரு செய்தி உண்டு. நாம் கண்ணை ஊன்றிப் படிக்கவேண்டிய செய்தி. புலிகேசி காவிரியைக் கடந்தபோது சோழரும் சேரரும் பாண்டியரும் அவனால் நலம் பெற்றார்களாம். பாண்டியனும் சேரனும் பல்லவனுக்கு அயலார்; அவர்கள் பகைவனோடு கைகுலுக்கியதில் வியப்பில்லை. சோழன்? காவிரி பல்லவனின் காதலி என்று பார்வதியைச் சொல்லவைத்தானே, அந்தக் காவிரிக்கரைச் சோழன்! அவனும் பகைவன் பக்கம் திரும்பிவிட்டான். மலையுச்சியில் பொறித்த வடமொழிப் பாட்டு அவனைக் கட்டிவைக்கவில்லை.

தொண்டை மண்டலமோ நின்றது. ஏன் நின்றது? குகைகளாலா? மதிலாலா? அதற்கு விடை காஞ்சி அரண்மனையில் இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல்லில் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல் அது. மொழி தமிழ், எழுத்து வட்டெழுத்து. சொல்லும் செய்தி சிறியது. வாணகோ அரசரின் மருமகன் பொற்றொக்கையார். அவருடைய ஆள் கருந்தேவக்கத்தி. எருமைக் கூட்டத்தைக் காக்கும் சண்டையில் அவன் மடிந்தான். கோவிவன் என்ற அவனுடைய நாய் கள்ளர் இருவரைக் கடித்து, அவனருகே காத்து நின்றது. வீரனோடு நாயின் உருவத்தையும் கல்லில் செதுக்கி, அதன் பெயரையும் எழுதி வைத்தார்கள் அந்த ஊர் மக்கள்.

அந்தச் சிறு கல்லில் ஓர் ஆட்சி முழுவதும் அடங்கியிருப்பதைப் பாருங்கள். உச்சியில் பல்லவன், அவனுக்குக் கீழே வாணகோ, அவனுக்குக் கீழே மருமகன், அவனுக்குக் கீழே கருந்தேவக்கத்தி, அவன் காலடியில் நாய். காஞ்சி எங்கே, அந்த எருமைக் கொட்டில் எங்கே! ஆனாலும் ஒரு மாடு மேய்ப்பவனின் சாவைக் குறிக்க ஊரார் எடுத்த நாட்குறிப்பு மன்னனின் ஆட்சியாண்டுதான். செங்கம் பகுதியில் இப்படி நடுகற்கள் ஒன்றிரண்டல்ல. மன்னன் குன்றில் எழுதியது அவன் தன்னைப்பற்றிச் சொன்னது. மக்கள் கல்லில் எழுதியது அவர்கள் அவனை ஏற்றுக்கொண்டதற்குச் சான்று. முன்னதைப் பொன் கொடுத்து வாங்கலாம். பின்னதை எந்த விலைக்கும் வாங்க முடியாது.

காவிரிக்குத் தெற்கே அவன் பெற்றது முன்னது மட்டுமே. தொண்டை மண்டலத்தில் இரண்டும் இருந்தன. பழைய தலைவர்களை அவன் விட்டுவைத்தான்; தலைவர்கள் தம் ஆட்களை விட்டுக்கொடுக்கவில்லை; ஆட்கள் தம் ஊரையும் மாட்டையும் விட்டுக்கொடுக்கவில்லை. மன்னனின் அரணாக நின்றது அந்தச் சங்கிலியே.

மகேந்திரன் 630 அளவில் மறைந்தான். வடக்கை இழந்த துயரும், தலைநகரைக் காத்த நிறைவும் கலந்த முடிவு. அவன் மகன் நரசிம்மவர்மன் பழி தீர்த்தான். 642இல் பல்லவர் படை வாதாபியைப் பிடித்தது. தந்தை கட்டிக் காத்த தொண்டை மண்டலம் இல்லாவிட்டால், மகனுக்கு அந்தப் படை எங்கிருந்து கிடைத்திருக்கும்?

உரோமும் ஒருநாள் பாடம் கற்றது. நேசநாட்டாரிடம் ஆள் கேட்டுக் கேட்டு, உரிமை கேட்டால் மட்டும் முகம் திருப்பிக்கொண்டது. கி.மு. 91இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே குடியுரிமை கொடுக்கவேண்டி வந்தது. குருதியைக் கேட்கிற ஆட்சி உரிமையையும் கொடுத்தாக வேண்டும். கொடுக்க மறுத்தால், கேட்கிறவன் வாளோடு வந்து கேட்பான்.

சீயமங்கலத்துத் தூணொன்றில் ஆடும் சிவனைச் செதுக்கியிருக்கிறார்கள். தமிழகத்துக் கல்லில் அமைந்த ஆடல்வல்லான் உருவங்களில் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. செஞ்சிக்குப் போகிறவர்கள் அதையும் கண்டு வரவேண்டும். அந்தக் கோயிலை, நற்செயல்கள் என்னும் மணிகளை வைத்த பேழை என்று மன்னன் அங்கே எழுதிவைத்தான். பேழை அழகானது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆட்சியின் மணி எது என்று கேட்டால், நாம் எடுத்தனூரைக் கைகாட்டுவோம். அங்கே, தன் எருமைகளுக்காக மடிந்த ஓர் ஏழையும் அவனை விட்டு அகலாத ஒரு நாயும் நிற்கிறார்கள். அவர்களுடைய ஊர் தன்னோடு நிற்கிறவரைதான் எந்தக் கோட்டைக்கும் வாழ்வு!